டேங்குக்குள் ஒரு சாண் குழாய்

பட்டறையில் கூட வேலை செய்கிற ஹைதர் பாய் இரண்டு விரலால் தூக்கிக் காட்டியபோது, அது ஏதோ செத்துப்போன பிராணி என்றுதான் டேரன் முதலில் நினைத்தான். சாமான் கழுவும் பெட்ரோல் தொட்டியின் அடியில் கிடந்ததாம். பார்த்தால் விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய்த் துண்டு. ஊதிப் பெருத்து, காப்பியில் ஊறிய ரொட்டி மாதிரி இருந்தது. பாய் அதை லேசாக வளைத்தார். வளைத்த இடத்தில் வாய் பிளந்தது.

"என்னா ஹோஸ் இது டேரன்? மேல ஹைபிரஷர்னு எழுத்து இருக்கு. தொட்டா பிஞ்சிக்கிட்டு வருது."

"எங்க கெடச்சிச்சு?"

"தொட்டிக்குள்ளதான். போன மாசம் டாக்டரம்மா காடிக்கு நீ வெட்டுனியே, அதுல மிச்சம். கை தவறி விழுந்திருக்கும்லா."

டேரன் கையிலிருந்த காப்பிப் பொட்டலத்தைக் கீழே வைத்தான். ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் முதல் பூசை முடிந்து, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு, மழைத்தண்ணீர் உள்ளே வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாமென ஜெலுத்தோங்கில் இருக்கும் தன் பட்டறைக்குச் சும்மா எட்டிப் பார்த்தவன். மணி ஒன்பதரை. ஒருதரம் பார்த்தது போதாமல் கடிகாரத்தை மறுபடி பார்த்தான்.

காரணம் எளிது. பாய் கையில் பிளந்து கிடக்கிறதே, அதே குழாயில் இன்னும் ஒரு சாண், டாக்டர் அருந்ததியின் காரில், பெட்ரோல் டேங்குக்குள், நாலு வாரமாக மூழ்கிக் கிடக்கிறது. வைத்தவன் டேரன். தெரிந்தே வைத்தவன்.

அருந்ததியைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். கிரீன் லேனில் பல் மருத்துவர். ஐம்பத்திரண்டு வயது. யாழ்ப்பாண வழி வந்த குடும்பம். கிளார்க், கணக்காளர், டாக்டர் என்று மூன்று தலைமுறையாகக் கோடு கிழித்து நடந்தவர்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் படிக்க வெளிநாடு போன வருடம், இந்த அம்மாள் எட்டு சிலிண்டர் வைத்த சிவப்பு மஸ்டாங் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்க வருவது போல வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இந்த வயதில் ஒரு பொம்பிளைக்கு இது எதற்கு என்பதை ஆளுக்கொரு விதமாகக் கேட்டார்கள். தம்பி கபிலன் மட்டும் ஒரே விதமாக, ஞாயிறு தவறாமல் கேட்டார். அருந்ததி யாரையும் சட்டை செய்யவில்லை. அடுத்த வருடம் டேரனிடம் வந்து, "தம்பி, இதுக்கு சூப்பர்சார்ஜர் போடலாமோ?" என்று கேட்டார்.

சூப்பர்சார்ஜர் என்பது காற்றை அமுக்கி இஞ்சினின் வாய்க்குள் ஊதுகிற சாமான். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கூடாவிட்டால் உள்ளே சூடு எகிறி பிஸ்டன் உருகும், வண்டி ஓடுகிற ஓட்டத்திலேயே நின்றுவிடும். பொடியன்களுக்கு எப்போதும் காற்றைப் பற்றித்தான் பெருமை. பெட்ரோலைப் பற்றி எவனும் பேசமாட்டான். டேரன் பேசுவான். அதனால்தான் அவனிடம் வந்தார்கள். அருந்ததியின் காருக்கும் பெரிய இஞ்செக்டர், தடித்த லைன், டேங்குக்குள் ஒன்றுக்கு இரண்டு பம்பு என்று எல்லாவற்றையும் மாற்றினான். முதல் பம்பு எப்போதும் ஓடும். இரண்டாவது, முழுசாக மிதித்தால் மட்டும் விழித்துக்கொள்ளும்.

அந்த இரண்டாவது பம்பையும் டேங்கின் மூடியையும் சேர்ப்பது ஒரு சாண் குழாய். பெட்ரோலைக் கொண்டு போகிற குழாய் வேறு, பெட்ரோலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிற குழாய் வேறு. முதல் ரகத்துக்கு உள்பக்கம் மட்டும்தான் பெட்ரோலைத் தாங்கும். வெளித்தோல் தாங்காது, சில வாரத்தில் ஊறிப் பிளந்துவிடும். இதைத் தெரியாமல் செய்த வேறு பட்டறைக்காரர்களை டேரன் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறான். ஆனால் அன்றைக்கு முதல் பம்புக்கான துண்டை அவனே நீளமாக வெட்டிவிட்டான். மிச்சமிருந்த நல்ல குழாய் இரண்டாவதற்கு இரண்டு விரற்கடை பற்றவில்லை. கோலாலம்பூரிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். வண்டியைத் தருவதாகச் சொன்ன நாளோ மறுநாள்.

'சொன்ன நாளில் சாவி.' இதுதான் டேரனின் கொடி, கிரீடம், எல்லாம். பதினொரு வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. அருந்ததி என்னவோ, "அவசரமில்லைத் தம்பி, நான் அப்பாவின்ர மைவிக் காரில போய்க்கொள்ளுவன்" என்றுதான் சொன்னார். அவரா அவசரப்படுத்தினார்? இவனுடைய வீம்பு. சுவரில் தொங்கிய சாதாரணக் குழாயில் ஒரு சாண் வெட்டி மாட்டினான். ஒரு வாரம்தானே என்றான். நல்ல குழாய் அடுத்த வியாழனே வந்து, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் ஆணியில் தொங்கியது. டேங்கை மறுபடி திறக்கச் சோம்பல், அப்புறம் வேறு வேலை, அப்புறம் மறதி. ஓடுகிற வண்டி எல்லாவற்றையும் மறக்கடிக்கும்.

நேற்று சனிக்கிழமை, மடிக்கணினியை மாட்டிக் கடைசி டியூனிங்கை முடித்தான். எண்கள் எல்லாம் பாடப்புத்தகத்தில் போட்டது போல வந்தன. சாவியைக் கொடுக்கும்போது அவனே சொன்னான்: "இனிமே தாராளமா மிதிங்க டாக்டர் அக்கா. ரெண்டாவது பாலம் நேரா இருக்கும். நாளைக்கு ஒருதரம் முழுசா மிதிச்சுப் பாருங்க, என்னா சத்தம் வருதுன்னு."

"மிதிக்காமல் விடுவனே! அப்பாவும் பக்கத்தில இருப்பார்" என்று சிரித்துக்கொண்டு போனார் அந்த அம்மாள்.

ஞாயிறுதோறும் தீவிலிருந்து பாலம் தாண்டி, அக்கரையில் பத்து காவானில் கபிலன் வீட்டில் காலைச் சாப்பாடு. அப்பா கதிர்காமநாதனுக்கு எண்பத்தொரு வயது. மகள் பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூட உல்லாசப் பயணம் போகிற பையன் மாதிரி வருவார்.

டேரன் போனை எடுத்து அருந்ததியைக் கூப்பிட்டான். அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தரமும் அப்படித்தான். வண்டியில் ஏறினால் போனைக் கைப்பைக்குள் போட்டு, பையைப் பின்சீட்டில் எறிந்துவிடுகிற பழக்கம் அவருக்கு. அதை மெச்சியவனும் இவன்தான்.

மூன்றாவதாகக் கபிலனைக் கூப்பிட்டான். உடனே எடுத்தார்.

"அக்கா கெளம்பிட்டாங்களா அண்ணே?"

"ஓ, வந்துக்கிட்டு இருக்காங்க. பாயான் பாரு பாசார்ல அப்பாவுக்கு இடியப்பம் வாங்கிட்டு வர்றேன்னாங்க. ஏன், என்ன விஷயம்?"

இந்த இடத்தில்தான் டேரன் தன் வாழ்நாளெல்லாம் திரும்பத் திரும்ப வந்து நிற்கப் போகிறான். நாக்கு நுனியில் உண்மை இருந்தது. ஆனால் எதிர்முனையில் இருந்தது கபிலன். அந்தக் காரையும், அதை ஓட்டுகிற அக்காளையும், அதற்குச் சாமான் மாட்டுகிறவனையும் ஒரே பார்வையால் பார்க்கிறவர்.

"ஒண்ணுமில்லண்ணே. சின்ன விஷயம்தான்."

"அவசரம்னா சொல்லு. அக்கா எடுக்க மாட்டாங்க, ஆனா அப்பா போனைக் கையிலேயே வச்சிருப்பாரு. அவருக்கு அடிக்கிறேன்."

"வேணாம் வேணாம். அப்பாவ எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு. வந்ததும் எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க, போதும்."

போனை வைத்தான். ஹைதர் பாய் குழாய்த் துண்டைப் பிடித்தபடியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முப்பது வருடம் இதே தொழில். விளக்கிச் சொல்ல ஒன்றுமில்லை.

"இது சின்ன விஷயமா டேரன்?" என்று மட்டும் கேட்டார்.

டேரன் அந்தத் துண்டைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மோட்டார்சைக்கிளில் ஏறினான்.

கடலோர ஹைவேயில் ஞாயிற்றுக்கிழமைக்கே உரிய கூட்டம். குடும்பம் குடும்பமாகக் கார்கள் ஊர்ந்தன. டேரன் சந்துபொந்தில் புகுந்து பறந்தான். யாரோ ஹாரன் அடித்துக் கெட்ட வார்த்தை சொன்னார்கள். அவன் காதில் ஏறவில்லை. மனதுக்குள் ஒரே கணக்கு. நேற்று அந்தக் குழாய் தாங்கியது. இன்றைக்கும் தாங்கலாம். தாங்காவிட்டால்? அவர் மிதிப்பார். இரண்டாவது பம்பு விழிக்கும். குழாய் வெடிக்கும். பெட்ரோல் எல்லாம் இஞ்சினுக்குப் போகாமல் டேங்குக்குள்ளேயே பீய்ச்சும். வேகம் உச்சத்தில் இருக்கும்போது வண்டி செத்துவிடும். ஸ்டியரிங் இரும்பாகிவிடும். பின்னால் என்ன வரும்? பத்து காவான் தொழிற்பேட்டைக்குப் போகிற லாரிதான் வரும். அந்தப் பாலத்தில் வேறென்ன வரும்.

'அன்னம்மாளே, தாயே, பாசார்ல கூட்டமா இருக்கணும். இடியப்பம் தீந்து போயிருக்கணும். இன்னொரு கடைக்குப் போகணும்.' புனித அன்னம்மாளிடம் இதற்கு முன் யாரும் இடியப்பம் தீரவேண்டுமென்று மன்றாடியிருக்க மாட்டார்கள். அவன் கண்ணீர் விட்டு மன்றாடினான்.

பத்து மாவுங்கில் பாலத்துக்கு ஏறும் வளைவு வந்தது. மோட்டார்சைக்கிள் பாதை பிரிகிற இடத்துக்கு முன்னால், சாலை ஓரத்துப் புல்லில் வண்டியைச் சாய்த்துவிட்டு நின்றான். அவர்கள் போய்விட்டார்களா, இனிமேல்தான் வர வேண்டுமா? தெரியாது. தீவுக்குள் வருகிறவர்களிடம்தான் டோல் வாங்குவார்கள். தீவை விட்டுப் போகிற வண்டியை நிறுத்த இங்கே ஒரு கம்பம் கூடக் கிடையாது. கேட்பாரில்லாமல் ஏறிப் போய்க்கொண்டே இருக்கலாம்.

கபிலனை மறுபடி கூப்பிட்டான். வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் கழித்துக் கூப்பிட்டான். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. பெரியவரின் நம்பர் தன்னிடம் இல்லையே என்று தலையில் அடித்துக்கொண்டான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்கக்கூட வேண்டாம், ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவரே கூப்பிட்டிருப்பார். சின்ன விஷயமாம். அந்த வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் வாட்ஸ்அப்பைத் திறந்து, மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, லாரி இரைச்சலுக்கு மேலாகக் கத்தினான். என்னென்ன சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான்.

பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சீழ்க்கை கேட்டது. சூப்பர்சார்ஜர் பாடுகிற சத்தம். அவன் கையால் மாட்டியது, ஆயிரம் வண்டிக்கு நடுவிலும் அவனுக்குத் தெரியும். சிவப்பு மஸ்டாங் வளைவில் திரும்பி வந்தது. டேரன் சாலைக்குள்ளேயே இறங்கிவிட்டான். ஒரு கையில் போன், மறுகையைத் தலைக்கு மேல் வீசி வீசி, "நிறுத்துங்க! அக்கா! மிதிக்காதீங்க!" என்று கத்தினான்.

கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. அருந்ததி அவனைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. பீம் பீம் என்று இரண்டு ஹாரன் அடித்தார். பக்கத்தில் கதிர்காமநாதன் இடியப்பப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, போனைப் பிடித்த கையைத் தூக்கி ஆட்டினார். தன் வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க மெக்கானிக் பாலம் வரைக்கும் வந்திருக்கிறான் என்று அவர்களுக்குச் சந்தோஷம். வண்டி அவனைத் தாண்டிப் பாலத்தில் ஏறியது.

டேரனின் விரல் தானாக மைக்கை விட்டது. செய்தி போய்விட்டது.

மோட்டார்சைக்கிளை நிமிர்த்திக் கிளப்புவதற்குள்ளேயே, முன்னால் தூரத்தில் அந்தச் சீழ்க்கை எகிறுவது கேட்டது. மிதித்துவிட்டார். அவன் சொன்னபடியே, நேரான இடம் வந்ததும், முழுசாக. சத்தம் ஏறியது, ஏறியது, அப்புறம் கத்தரித்தது போல நின்றது. பின்னாலேயே லாரியின் பிரேக் அலறியது. அதற்குப் பிறகு வந்த இரும்புச் சத்தத்தை, மோட்டார்சைக்கிள் பாதையில் கண்மூடித்தனமாக ஓட்டிக்கொண்டே, அவன் முதுகெலும்பால் கேட்டான்.

அங்கே போய்ச் சேர்ந்தபோது கார் இடது தடுப்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. பின்பக்கம் ஒரு மூலை உள்ளே போயிருந்தது. லாரி குறுக்கே நிற்க, லாரிக்காரன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டிருந்தான். சாலையெல்லாம் இடியப்பம். டேரன் தடுப்பைத் தாண்டிக் குதித்தான்.

கதிர்காமநாதன் தரையில் உட்கார்ந்திருந்தார். புருவத்துக்கு மேல் கிழிந்து ரத்தம் கழுத்து வரை இறங்கியிருந்தது. வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். அருந்ததி முழங்காலிட்டு, தன் துப்பட்டாவை அவர் நெற்றியில் அழுத்திக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை. ஒண்டுமில்லை" என்று பெரியவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அருந்ததி நிமிர்ந்து டேரனைப் பார்த்தார். எந்தக் கூட்டத்திலும் தலை குனியாத அந்த அம்மாளின் முகம் கிழவியின் முகமாக இருந்தது.

"தம்பி, நீ கஷ்டப்பட்டுச் செய்த வண்டி. நான் நாசமாக்கிப்போட்டன்."

டேரன் வாயைத் திறந்தான். "மொதல்ல அங்கிளப் பார்ப்போங்கக்கா" என்றுதான் வந்தது. அது நியாயமான பேச்சுதான். நியாயமாக இருந்ததால் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள வசதியாகவும் இருந்தது.

பாலத்து ரோந்து வண்டி வந்தது. ஆம்புலன்ஸ் பத்து காவான் பக்கமிருந்து வருவதாகச் சொல்லி, பெரியவரையும் மகளையும் தங்கள் வண்டியிலேயே ஏற்றி அந்தக் கரைக்குக் கொண்டு போனார்கள். காரைத் தூக்குவண்டி இழுத்துப் போனது. டேரன் எல்லாருக்கும் பின்னால் போனான். கடல் இரண்டு பக்கமும் பளபளவென்று கிடந்தது. சட்டைப்பையிலிருந்து பெட்ரோல் நெடி வந்துகொண்டேயிருந்தது; தேய்த்த வெள்ளைச் சட்டையில் நெஞ்சுக்கு நேரே கறுப்பாக ஒரு வட்டம்.

பாலத்தின் அந்த முனையில், ரோந்து அலுவலகத்தின் வெளியே, தகரக் கூரைக்குக் கீழே எல்லாரும் இருந்தார்கள். ஆம்புலன்ஸ் ஆட்கள் பெரியவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மணிக்கட்டு உடைந்திருக்கிறது, மற்றபடி பயமில்லை என்றார்கள். உயிர் போகவில்லை. யாருக்கும் உயிர் போகவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்ட அதே மூச்சில் இன்னொரு நினைப்பும் வந்தது. இஞ்சின் உருகிப் போயிருக்கும். டேங்கு தன் பட்டறைக்குத்தான் வரும். திறக்கப் போவது தான்தான். ஒரு சாண் குழாயை எடுத்து வீசிவிட்டு, ஆணியில் தொங்குகிற நல்லதை மாட்டிவிட்டால், பிறகு இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஹைதர் பாய் சொல்ல மாட்டார்.

அந்த வாட்ஸ்அப் செய்தியைத் தவிர.

போனை எடுத்துப் பார்த்தான். செய்தி கபிலனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இன்னும் கேட்கவில்லை, மைக் படம் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. செய்தியின் மேல் விரலை வைத்து அழுத்தினான். எல்லாருக்கும் நீக்கவா என்று கேட்டது.

ரோந்து அலுவலகத்திலிருந்து வீட்டு லைனுக்குத் தகவல் போய், அப்போதுதான் கபிலன் வந்து காரை நிறுத்தினார். பாதி ஷேவ் செய்த முகம். அப்பாவைப் பார்த்தார், தலையைத் தடவினார், அப்புறம் அக்காளின் பக்கம் திரும்பினார். எதிரே ரோந்து அதிகாரி அப்துல் ரஹீம் பாரத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"டோக்டர், லாஜு கா தாடி?" என்று அவர் தணிவாகத்தான் கேட்டார்.

"வேகமாகத்தான் போனனான்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அருந்ததி மலாயில் மறுபடி சொன்னார். "சாலா சாயா. பிழை என்ரதான்."

"எத்தனை தரம் சொன்னன்!" கபிலன் வெடித்தார். "எத்தனை தரம்! இந்த வயசில உங்களுக்கு என்னத்துக்கு இதெல்லாம்? பொம்பிளை ஓட்டுற வண்டியே இது? அப்பாவைக் கொல்லப் பாத்தீங்களே அக்கா!"

இதற்கு முன் ஆயிரம் தரம் இந்தப் பேச்சுக்கு அருந்ததி பதில் சொல்லியிருக்கிறார், பல்லைப் பிடுங்குகிற மாதிரி. இன்றைக்குச் சட்டைப்பைக்குள் கைவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தார். தம்பியின் கையைப் பிடித்து, அதில் வைத்து மூடினார்.

"வித்துப்போடு கபிலன். எல்லாரும் சொன்னது சரி. நான் இனிமேல் ஓட்டமாட்டன்."

டேரன் அந்தக் கையைப் பார்த்தான். வேறு எதைப் பார்த்திருந்தாலும் ஒருவேளை தப்பித்திருப்பான். சொன்ன நாளில் சாவி என்று தான் பெருமையோடு கொடுத்த அதே சாவி, அதே வளையம். அதைத் தன் கையால் அவர் விட்டுக் கொடுக்கிறார், தான் செய்யாத பிழைக்கு.

கபிலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார்.

"நீ காலையில ஏதோ சின்ன விஷயம்னியே. என்ன அது?"

டேரனின் கட்டைவிரல் இன்னமும் திரைக்கு மேலேயே நின்றது. அவன் விரலை எடுத்தான். போனை அணைத்துப் பையில் போட்டான்.

"உங்களுக்கு அனுப்பியிருக்கேன் அண்ணே. வாய்ஸ். இங்கேயே போடுங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி போடுங்க."

கபிலன் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு போனை எடுத்தார். தவறிப்போன அழைப்புகளை அப்போதுதான் பார்த்தார். செய்தியை அழுத்தினார்.

காற்று. லாரி ஒன்று கடக்கிற இரைச்சல். அப்புறம் டேரனின் குரல், அவனுக்கே அடையாளம் தெரியாத குரல்: "அண்ணே, நான் பொய் சொன்னேன்ண்ணே. சின்ன விஷயம் இல்ல. டேங்குக்குள்ள தப்பான ஹோஸைப் போட்டது நான்தான். தெரிஞ்சேதான் போட்டேன். அக்கா முழுசா மிதிச்சா வண்டி நின்னுரும், ஓடுறப்பவே நின்னுரும். அப்பாவுக்குப் போன் போடுங்கண்ணே. இப்பவே போடுங்க. அவர் போனக் கையிலதான வச்சிருக்காரு, போடுங்கண்ணே..." அதற்குப் பிறகு வார்த்தை இல்லை, கத்தல். நிறுத்துங்க, அக்கா, மிதிக்காதீங்க. பீம் பீம் என்று இரண்டு ஹாரன். சீழ்க்கை ஒன்று நெருங்கி வந்து, கடந்து, தூரத்தில் கரைந்தது.

முடிந்தது. அப்துல் ரஹீமுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பேனாவை மூடிவிட்டார்.

டேரன் சட்டைப்பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து அருந்ததியிடம் நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு விரலால் அழுத்தினார், பிளந்தது. எத்தனையோ சொத்தைப் பற்களை விரலால் பார்த்த கை அது.

"எத்தனை மணிக்குத் தெரியும் உனக்கு?"

"ஒம்போதரைக்குங்கக்கா."

"அப்ப நாங்கள் பாசாரில நிண்டிருப்பம்."

"ஆமாங்கக்கா."

"அப்பாக்கு அடிக்கட்டோ எண்டு கபிலன் கேட்டவனே?"

"கேட்டாங்க. நான்தான் வேணாம்னேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தான். அடித்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அருந்ததி திட்டவில்லை. திரும்பிப் போய், தம்பியின் மூடியிருந்த கையை விரல் விரலாகப் பிரித்து, சாவியை எடுத்துக்கொண்டார். கபிலன் தடுக்கவில்லை, அக்காளின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அதன் பிறகு அருந்ததி டேரன் நின்ற பக்கமே திரும்பவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு எந்த நாளும்.

கதிர்காமநாதன்தான் அவனைக் கூப்பிட்டார். டேரன் அருகில் போய்க் குனிந்தான். கட்டுப் போட்ட கையை மடியில் கிடத்தி, மறுகையால் பெரியவர் தன் பழைய போனை நீட்டினார். கண்ணாடி ஒரு மூலையில் கீறியிருந்தது. மற்றபடி நன்றாகவே இருந்தது.

"முழுச் சார்ஜ் இருக்குது பார் தம்பி" என்றார். கோபம் இல்லை, நடந்ததைப் புரிந்துகொள்ள முயல்கிற ஒரு கிழவரின் குரல். "காலமையில இருந்து கையிலதான் வச்சிருந்தனான்."